சர்க்கரை சேர்க்காத பொடியில் சர்க்கரை இல்லையா?

கேள்வி: எனக்கு நீரிழிவு உண்டு. தெரிந்தவர் ஒருவர் 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று அச்சிட்ட சத்துப் பொடியை என் தலையில் கட்டிவிட்டார். பின்பக்கம் முதல் பெயரே 'மால்டோடெக்ஸ்ட்ரின்'. ஆனால் இனிப்பே தெரியவில்லை. தாராளமாகக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த விஷயத்தில் நாக்கை நம்ப முடியாது.

ரத்தத்தில் அளக்கும் சர்க்கரை என்பது குளுக்கோஸ். அதில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். பழங்களில் உள்ள ஃப்ரக்டோஸுக்கும் இதே கணக்குதான், அமைப்புதான் வேறு. இரண்டும் ஜோடி சேர்ந்தால் வெள்ளைச் சர்க்கரை. குளுக்கோஸை மட்டும் நீளச் சங்கிலியாகக் கோத்தால் மாவுச்சத்து. அதைத் துண்டு துண்டாக நறுக்கியதுதான் மால்டோடெக்ஸ்ட்ரின். குடலுக்குப் போனதும் கண்ணிகள் மளமளவென்று கழன்றுவிடும்.

கழலும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்கிறது. அதனால் 100 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் முழுதும் செரித்தால் ஏறக்குறைய 110 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையிலோ சுமார் 53 கிராம்தான், மீதி ஃப்ரக்டோஸ். ஆக, எடைக்கு எடை இரட்டிப்பு!

விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஒரு கண்ணி, இரண்டு கண்ணி உள்ளவைதான் லேபிள் கணக்கில் 'சர்க்கரை'. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டுதலில் உள்ள வரையறையும் அதுதான். மூன்றாவது கண்ணி சேர்ந்தால் லேபிளின் சத்து அட்டவணையில் 'சர்க்கரை' என்ற வரியிலிருந்து தப்பிவிடும். ரத்தத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வரையறை எழுதியவர்கள் நோயாளியையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

அப்படியானால் குளுக்கோஸ் சங்கிலி எல்லாமே ஆபத்தா என்றால், இல்லை. செல்லுலோஸும் முழுக்க முழுக்க குளுக்கோஸ்தான். தண்டு, இலை, தோல் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கண்ணி நிமிர்ந்திருந்தால் அடுத்தது தலைகீழாகத் திரும்பி நிற்கும். அந்த இணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. குடல் பாக்டீரியாக்கள் கொஞ்சம் கடித்துப் பார்க்கும், அவ்வளவுதான். குளுக்கோஸாக மாறி ரத்தத்துக்கு வராது. இதைத்தான் நார்ச்சத்து என்கிறோம். உடனே சில முகவர்கள் 'எங்கள் பொடியும் நார்ச்சத்துதான்' என்பார்கள். அட்டவணையில் நார்ச்சத்து வரியைக் காட்டச் சொல்லுங்கள். பல பொடிகளில் அங்கே பூஜ்யம்தான் இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது 'மொத்த கார்போஹைட்ரேட்' வரி. அதில் நார்ச்சத்து போக மீதியைக் கணக்கில் வையுங்கள். ஒரு வேளை அளவு எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள். அதைச் சின்னதாகப் போட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். ஏற்கெனவே குடித்திருந்தால், குளுக்கோமீட்டரில் எடுத்த அளவுகளோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று மட்டும் பொடி விற்றவரிடம் கேட்காதீர்கள்.