2,14,74,83,647 ஏன் பகா எண்?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். வேலூர் மார்க்கெட்டில் 12 முள்ளு கத்திரிக்காயை நான்கு நான்காக மூன்று வரிசையில் அடுக்கிவிடலாம். 13 என்றால் ஒரே நீள வரிசைதான்.

214 கோடியைத் தாண்டும் இந்த எண்ணும் அப்படித்தான். 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் கிடைப்பது. 1772-இல் கணித மேதை ஆய்லர் கையால் கணக்குப் போட்டே இதை நிரூபித்தார். எப்படி? ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இங்கே அது 46,341-க்குச் சற்றுக் குறைவு. அதற்குள்ளும் 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்று கண்டாரே, அங்கேதான் அவர் மேதைமை தெரிகிறது.

அடுக்கு, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, பகா எண்ணானால் 1 கழித்து வரும் விடையும் பகா எண்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 11 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 2047 என்பது 23 × 89.