பாதயாத்திரைப் படுக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குனி உத்திரத்துக்குப் பழனி, சித்திரைத் தேருக்குச் சமயபுரம், தவக்காலத்தில் வேளாங்கண்ணி என்று டெல்டாவே நடக்கக் கிளம்பும் பருவம் இது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் படுக்கையைப் பற்றியவை. செருப்பு, கொப்புளம் எல்லாம் அடுத்த இதழில்.

மன்னார்குடியிலிருந்து பழனிக்கு எட்டு இரவு நடக்கிறோம். ‘10 டிகிரி’ என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் ஆன்லைனில் தள்ளுபடிக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

வேண்டாம். வெளியே 10 டிகிரி வரை இறங்கினாலும் தாங்கும் என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். நம் பக்கம் பங்குனி இரவு பெரும்பாலும் 22, 23-க்குக் கீழே இறங்காது. மணப்பாறை தாண்டிவிட்டால் கல் தரை நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தால் அரை மணியில் வியர்த்துவிடும். உள்ளே இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு அந்த ஈரத்தோடே மூன்று மணிக்குச் சுருட்டப்படும். காயப்போட நேரம் ஏது? மூன்றாம் நாள் பையைத் திறந்தாலே வாடை. அதற்கு ஒரு கிலோவுக்கு மேல் சுமை வேறு.

பிறகு ஏன் விடியற்காலையில் நடுக்குகிறது என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று தரை. உடம்பின் சூட்டைச் சிமெண்டுத் தரை நேராக உறிஞ்சும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் அது நிற்காது. இன்னொன்று பனி. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். பங்குனி பிறந்து ஒரு வாரம், பத்து நாள் வரைகூட வாய்க்கால் ஓரங்களில் அந்த ஈரம் இருக்கும். இரண்டு மணியிலிருந்து விடியும் வரை அதன் ஆட்சிதான். ஆகவே பணத்தைக் கீழே விரிப்பதில் போடுங்கள்.

அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு, ஆறடிக்கு மூன்றடி. அது பாயைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிய ஓரத்தில் விழும் பனி வழிந்து உங்கள் முதுகுக்கு அடியில்தான் வந்து சேரும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். பலர் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவருகிறார்கள். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சரக்கு. சரியாக அலசாத சாக்கு இரவில் பிசுபிசுக்கும், தோலும் அரிக்கும். அரிசிச் சாக்கு என்றால் தொல்லையில்லை.

அதன்மேல் 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய். கடையில் இரண்டு சோதனை: விரலால் அழுத்தி எடுத்ததும் பள்ளம் மேலெழ வேண்டும், ஓரத்தில் சொட்டு நீர் விட்டால் உள்ளே ஊறக் கூடாது. டிவி பெட்டியில் வரும் வெள்ளை ஃபோம் மலிவுதான், ஆனால் மூன்று இரவில் அப்பளமாகிவிடும். முழு நீளமும் தேவையில்லை. தோளிலிருந்து முழங்கால் வரை நாலடி போதும். குதிகாலுக்கு உங்கள் தோள்பையை வையுங்கள். நடந்து வீங்கிய கால் உயரத்தில் இருந்தால் காலையில் செருப்புக்குள் சுலபமாக நுழையும். கோரைப்பாய் கெட்டதல்ல, வியர்வைக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் இடுப்பு எலும்புக்கு மெத்தென்று இருக்காது, மடிக்கவும் முடியாது. வேன் கூட வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்த்த ஒரு பருத்திப் போர்வை. பழைய எட்டு முழ வேட்டியின் நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்து, மடிப்பைக் கால் பக்கம் வைத்து, ஒரு ஓரத்தை முழுதாகவும் மறு ஓரத்தைப் பாதி வரையும் தைத்தால் நல்ல படுக்கை உறையாகிவிடும். நனைந்தால் பகல் ஓய்வு நேரத்திலேயே காய்ந்துவிடும். ஜமக்காளத்தை வீட்டிலேயே விடுங்கள்.

இவற்றோடு கொசுவலையும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவர் தண்ணீரோடு சேர்த்து ஆறு கிலோ வரை சுமப்பது உசிதம். இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ.

குழுவில் 15 பேர். மண்டபத்தில் கொக்கி இருப்பதில்லை. குடை மாதிரி விரியும் கொசுவலை வாங்கலாமா? அம்மாவுக்கு 62 வயது, இடுப்பு வலி உண்டு.
– வாசகி, பாபநாசம்

தானே விரியும் வலை வசதிதான், முதுகில் தூக்க லாயக்கில்லை. மடித்தாலும் பெரிய தாம்பாளம் அளவுக்கு நிற்கும். கம்பி ஒருமுறை வளைந்துவிட்டால் பிறகு ஒழுங்காக மடங்காது. அம்மாவுக்கு மட்டும் ஒன்று வேனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு நாலு மூலையிலும் நாடா வைத்த சாதாரண ஒற்றை வலை. சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது வழக்கமான நெருக்கம். அதைவிட அகன்ற கண் வேண்டாம். நாலு தூண்களைப் பிடித்து, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், இரண்டு நைலான் கயிறுகளை இணையாக இழுத்துக் கட்டுங்கள். இடைவெளி ஆறரை அடி. வலைகளை அவற்றில் வரிசையாகத் தொங்கவிட்டால் 20 அடி நீளத்தில் ஆறு பேர் படுக்கலாம். கயிறு நடுவில் தொய்ந்தால் வலை முகத்தில் படியும். அங்கே ஒரு மூங்கில் கழி முட்டுக்கொடுங்கள். தூணிலிருந்து சாய்வாக வரும் கயிறு இருந்தால் அதில் வெள்ளைத் துணி கட்டுங்கள். மூன்று மணி இருட்டில் எழுகிறவர் தடுக்கி விழுவது வருஷா வருஷம் நடக்கிறது.

வலையின் அடி ஓரம் பாய்க்குக் கீழே ஒரு சாண் போக வேண்டும். முழங்கையோ பாதமோ வலையை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கொசு கடிக்கும். வலையைப் பொழுது சாயும் முன்பே கட்டிவிடுங்கள். விளக்கு போட்ட பிறகு கட்டினால் கொசுவையும் சேர்த்துத்தான் உள்ளே அடைப்பீர்கள்.

அம்மாவுக்கு ஃபோம் பாய் இரண்டாக. ஒருக்களித்துப் படுப்பவரானால் இரண்டு முழங்காலுக்கும் இடையில் மடித்த துண்டு, இடுப்பு வளைவுக்குக் கீழே இன்னொன்று. தூண் ஓரமாகப் படுக்கவையுங்கள். பிடித்து எழ வசதி.

அறுவடை முடிந்த வயலில், வைக்கோல் பரப்பிப் படுக்கலாமா? மெத்தை மாதிரி இருக்குமே?
– வாசகர், திருவையாறு

மெத்தை மாதிரிதான் இருக்கும். சுணை அரிக்கும் என்பது சின்ன விஷயம். வைக்கோல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. சம்பா அறுத்த வயலில் பெரும்பாலும் உளுந்தோ பயறோ முளைத்திருக்கும். அதன்மேல் படுத்தால் விவசாயியின் வயிற்றில் படுப்பதுபோல.

கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குபவரைக் கடிப்பது அதற்கு வழக்கம். பல் சிறியது, வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது, எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. விடியும்போது வயிற்று வலி, வாந்தி, இமை தூக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் ‘சாப்பாடு ஒத்துக்கவில்லை’ என்று விடாதீர்கள். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் படுக்கவைத்தே கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது.

பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை பாம்புக்கும் பூரானுக்கும் நல்ல தடுப்பு. அதனால்தான் அந்த ஒரு சாண் கணக்கை மேலே அழுத்திச் சொன்னோம். நெல் கொள்முதல் நிலையக் களமும் வேண்டாம்: எலியோடு, இரவில் பின்னால் நகரும் லாரியும் உண்டு.

வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடப்பட்ட பிறகு ஆற்றில் வெறும் மணல்தான். இடுப்புக்கும் தோளுக்கும் கையால் லேசாகப் பள்ளம் பறித்துப் படுத்தால் சுகம். ஆனால் மணல் நள்ளிரவுக்குள் சூட்டை இழந்துவிடும், பனியும் நேராக இறங்கும். பகல் தூக்கத்துக்குப் பாலத்து நிழலில் அது அருமையான இடம். இரவுக்குக் கூரை தேடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இரண்டு இரவு. டென்ட் வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

இரண்டு இரவுக்கு அவசியமில்லை. கோவில், பள்ளித் திண்ணை, மண்டபம் எதிலாவது இடம் கேட்டுக்கொள்ளலாம். கையில் டென்ட் இருந்தால் உள்கூடாரத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வெளி உறையையும் போட்டு மூடினால் மூச்சுக்காற்றே நீராகி உள்பக்கம் வழியும். முளை அடிக்காமலே நிற்கும் வகையாக இருக்கட்டும். நம் களிமண் காய்ந்து வெடித்த பிறகு முளை ஒன்று இறங்காது, இல்லை வெடிப்பில் விழுந்துவிடும். நாகப்பட்டினம் தாண்டிக் கடற்காற்று தூக்கும், நாலு மூலையிலும் உள்ளே தண்ணீர் பாட்டில் வையுங்கள்.

காற்றடிக்கும் மெத்தை விடிவதற்குள் தொய்ந்துவிடுகிறது. ஓட்டை தெரியவில்லை.
– வாசகர், திருவாரூர்

ஓட்டையே இல்லாமலும் தொய்யும். மாலைச் சூட்டில் ஊதிய காற்று விடியற்காலைக் குளிரில் சுருங்கும். படுக்கும் முன் இன்னும் இரண்டு மூச்சு ஊதிப் பாருங்கள். அப்படியும் தொய்ந்தால் சோப்பு நீரை வால்விலும் தையல் ஓரத்திலும் தடவுங்கள்; குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. சைக்கிள் டியூப் சொல்யூஷன் பிவிசி-யில் நிற்காது, பிவிசி பசை கேட்டு வாங்குங்கள். நெருஞ்சி முள் உள்ள தரையில் அதை விரிக்கவே வேண்டாம், பகல் வெயிலில் ஊதியபடியும் விட வேண்டாம்.