ஸ்லே தி ஸ்பயர் என்ற கார்டு வீடியோ கேமில் நல்ல கார்டை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியாது. தொடக்கத்தில் சுற்றுக்கு 5 கார்டு, 3 எனர்ஜி (கார்டை ஆடச் செலவாகும் புள்ளி). சுற்று முடிந்தால் ஆடாத கார்டுகள் பொதுவாகக் கழித்த கட்டுக்குப் போய்விடும். 'ரீடெய்ன்' என்று போட்டிருப்பவை கையிலேயே தங்கும். அதனால் சேமிப்பதை விடுங்கள், ஆடும் வரிசையைக் கவனியுங்கள். கூடுதல் கார்டு எடுத்துத் தரும் கார்டை முதலில் ஆடுவது நல்லது. எனர்ஜியை எல்லாம் தாக்குதலில் கொட்டிவிட்டு, அப்புறம் அருமையான தடுப்புக் கார்டு வந்து விழித்த கதை என்னிடம் நிறைய இருக்கிறது! ஒரே ஒரு சிக்கல்: கையில் 10 கார்டுதான் நிற்கும். நிரம்பிவிட்டால் மேற்கொண்டு எடுக்க முடியாது. அந்த நிலையில் எனர்ஜி கேட்காத கார்டுகளை முதலில் இறக்கி இடம் பண்ணுங்கள். போன கார்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எடுக்கும் கட்டு தீர்ந்ததும் கழித்த கட்டு கலைக்கப்பட்டு மறுபடி வரும்.