நாலு வயசுப் பையன் அடங்கவே மாட்டேங்குறானா? ராத்திரி எப்படித் தூங்குறான்னு பாருங்க

முதல்ல அந்த சளி சிரப்பை நிறுத்துங்கம்மா, இன்னைக்கு ராத்திரியில இருந்தே. நாலு வயசுப் பையன் ஓடுறான், ஏறுறான், எதைச் சொன்னாலும் மாட்டேன்னு நிக்கிறான், சாப்பிட உக்கார மாட்டேங்குறான், இன்டர்நெட்ல ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்தா ஏடிஹெச்டினு (கவனம் நிக்காம, அளவுக்கு மீறி துறுதுறுனு இருக்கிற கோளாறு) வருதுனு பக்கம் பக்கமா எழுதிட்டு, கடைசியில போற போக்குல "தினமும் குறட்டை விட்டு புரண்டுக்கிட்டே இருப்பான், அதனால படுக்கும்போது கொஞ்சம் சளி சிரப் கொடுத்துடுவேன்"னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் கவலையா இருக்கு.

நீங்க உண்மையில பயப்படுறது, நான் வளர்த்த விதத்துலதான் இவன் இப்படி ஆயிட்டானோங்கிறது. இல்லம்மா. ஏடிஹெச்டியே இருந்தாலும் அது அம்மா வளர்ப்பால வர்றது இல்ல, அதுல பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. அப்புறம் அந்த ஆன்லைன் டெஸ்ட், துறுதுறுனு இருக்கிற எந்த நாலு வயசுக் குழந்தைக்குப் போட்டாலும் பாதிக்கு மேல ஆமாம்னுதான் வரும். டாக்டருங்க அப்படி முடிவு பண்றதில்ல. குறைஞ்சது 6 மாசமா இருக்கணும், வீட்ல மட்டும் இல்லாம ஸ்கூல் மாதிரி இன்னொரு இடத்துலயும் தெரியணும், அதனால குழந்தையோட அன்றாடம் பாதிக்கணும். உங்க பையன் ஸ்கூல்ல கதை நேரத்துல உக்காந்து கேக்குறான், டீச்சர் குறை எதுவும் சொல்லலனு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படியே பின்னாடி ஏடிஹெச்டினு தெரிஞ்சாலும் இந்த வயசுல முதல் சிகிச்சை மாத்திரை இல்ல, அப்பா அம்மாவுக்குக் கொடுக்கிற பயிற்சிதான்.

இனிப்பு சாப்பிட்டா ஆட்டம் கூடுமானு கேட்டிருக்கீங்க. இனிப்பால ஆட்டம் அதிகமாகாது, அதை பல தடவை சோதிச்சு பார்த்தாச்சு, பல்லுக்காக குறைங்க, ஆட்டத்துக்காக இல்ல. உக்காந்து சாப்பிடலையா, எடை சரியா ஏறுதுன்னா விடுங்க.

இப்ப குறட்டைக்கு வர்றேன். பெரியவங்களுக்கு ராத்திரி தூக்கம் கெட்டா பகல்ல தூங்கி விழுவாங்க. சின்னக் குழந்தைங்க பலருக்கு அப்படி இல்ல, தூக்கம் பத்தாம போகப் போக இன்னும் ஓடுவாங்க, சின்ன விஷயத்துக்கும் வெடிப்பாங்க, சொன்னது காதுல ஏறாது. மூக்குக்குப் பின்னாடி அடினாய்டுனு ஒரு சதை இருக்கு, வாயைத் திறந்து டார்ச் அடிச்சாலும் தெரியாது. அதுவும் டான்சிலும் 2 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் மூச்சுப் பாதையில நிறைய இடத்தை அடைச்சுக்கும். தூங்கும்போது தசை தளர்ந்து பாதை மூடுது, மூச்சு தடைபடுது, மூளை பையனை லேசா உலுக்கி எழுப்புது, ஒரு இழு இழுத்து மறுபடி தூங்குறான். ராத்திரி முழுக்க இதே நடந்தா பத்து மணி நேரம் படுக்கையில கிடந்தும் தூங்குன கணக்கு இல்ல. அந்த உலுக்கி எழுப்புற வேலையைப் பண்ற மூளையைத்தான் நீங்க சிரப் கொடுத்து மந்தமாக்குறீங்க, அதான் எனக்குக் கோவம். அந்த சிரப்ல தூக்கம் வர வைக்கிறது அலர்ஜி மருந்து, சில குழந்தைங்களுக்கு அது நேர்மாறா துள்ளலைக் கூட்டிவிடும், அதையும் நீங்க பையனோட அடம்னு நினைச்சிருக்கலாம்.

சளி பிடிச்ச ரெண்டு நாள் குறட்டை விட்டா ஒண்ணும் இல்ல. சளி இல்லாமலே வாரத்துல 3 ராத்திரிக்கு மேல குறட்டை, நடுவுல சத்தமே நின்னு அப்புறம் திணறி ஒரு மூச்சு, வாயைத் திறந்துக்கிட்டு தலையை பின்னாடி சாய்ச்சு தூங்குறது, தலைமாடு நனையுற அளவுக்கு வேர்க்குறது, இதெல்லாம் இருந்தா காட்டியே ஆகணும். விடியக்காலை நேரத்துலதான் இது அதிகமா இருக்கும், அப்ப போர்வையை எடுத்துட்டு முகமும் நெஞ்சும் தெரியுற மாதிரி ரெண்டு மூணு நிமிஷம் போன்ல வீடியோ எடுங்க. நீங்க வாயால சொல்றதை விட அந்த வீடியோ டாக்டருக்கு ரொம்ப உதவும். தூக்கத்துல உதடு நீலமாச்சுன்னா வீடியோ எல்லாம் வேண்டாம், உடனே எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போங்க.

அடினாய்டையும் டான்சிலையும் எடுக்கிற ஆபரேஷன்னு உடனே பயந்துடாதீங்க. சிலருக்கு மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயே போதும், சிலருக்கு தூக்கத்தை அளக்குற டெஸ்ட் எடுத்துட்டுதான் முடிவு பண்ணுவாங்க. 2013-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல, தூக்கத்துல மூச்சு அடைக்கிற 5 முதல் 9 வயசு வரையான 464 குழந்தைங்களை எடுத்துக்கிட்டாங்க. ஆபரேஷன் பண்ணவங்கள்ல 79 சதவீதம் பேருக்கு 7 மாசத்துல அந்த டெஸ்ட் நார்மல் ஆச்சு, சும்மா கவனிச்சுக்கிட்டே இருந்தவங்கள்லயும் 46 சதவீதம் பேருக்கு ஆச்சு. ஆபரேஷன் பண்ண குழந்தைங்களோட நடத்தையும் நல்லா முன்னேறுச்சு. அதனால எல்லாருக்கும் கத்தி தேவையில்ல, ஆனா எல்லாரையும் பரிசோதிச்சுப் பார்க்கணும்.

இந்த "மாட்டேன்" பையனை அதுவரைக்கும் சமாளிக்கணும்ல. மூச்சு சரியானாலும் பிடிவாதம் முழுசா போயிடாது, அது அவன் குணம், அதை உடைக்க நினைக்காதீங்க. குளிக்கலாமானு கேக்காதீங்க, கேட்டா மாட்டேன்னுதான் வரும். "குளிச்சிட்டு நீலச் சட்டையா மஞ்சச் சட்டையா"னு கேளுங்க, குளிக்கிறது முடிவான விஷயம், சட்டை அவன் இஷ்டம். ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லுங்க, அடுத்த ரூம்ல இருந்து கத்தாம பக்கத்துல போய் உக்காந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அழுது புரண்டா அடிபடாம மட்டும் பார்த்துக்கோங்க, அந்த நேரத்துல நீங்க பேசுற எதுவும் அவனுக்கு ஏறாது. நீங்க வேண்டாம்னு சொன்னதை அழுகைக்காக மாத்தாதீங்க, அதுதான் அடுத்த அழுகையை நீட்டிவிடும். அடங்குனதும் கட்டிக்கோங்க, பாடம் எடுக்க வேண்டாம். தினமும் வெளியில ஓட விடுங்க, ராத்திரி ஒரே நேரத்துக்குப் படுக்க வைங்க, இந்த வயசுக்கு பகல் தூக்கத்தோட சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேணும்.

வீடியோவை எடுத்துக்கிட்டு இந்த வாரமே குழந்தை டாக்டர் கிட்ட போங்க, தேவைப்பட்டா அவரே காது மூக்கு தொண்டை டாக்டருக்கு அனுப்புவார். போகும்போது அந்த சிரப் பாட்டிலையும் கொண்டு போய்க் காட்டி, எவ்வளவு நாளா, எத்தனை மில்லி கொடுத்தீங்கனு மறைக்காம சொல்லுங்க.