தை மாதத்தில் பார்த்த கடற்கரை வீடு

கேள்வி: ஐயா, நானும் மனைவியும் அரச ஆசிரியர்கள். வயது 42, 39. யாழ்ப்பாணம் கொக்குவிலில் 30,000 ரூபா வாடகைக்கு இருக்கிறோம். சேமிப்பு 60 இலட்சம். கொழும்புத்துறையில் கடலோரமாக, இரண்டு பரப்புக் காணியோடு பழைய கல்வீடு ஒன்று 1 கோடி 10 இலட்சத்துக்கு வருகிறது. தை மாதம் போய்ப் பார்த்தோம். நல்ல காற்று. பள்ளிக்கூடம், கோயில், ரவுண் பஸ், பாசையூர் மீன் சந்தை எல்லாம் கிட்ட. வங்கி 12 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு 50 இலட்சம் தருகிறது. கனடாக் குடியுரிமை பெற்ற அண்ணா 20 இலட்சம் தருகிறேன், காணி உறுதியில் (பத்திரத்தில்) பாதியை என் பேரில் எழுது என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே அல்ல. தை மாதத்தில் பார்த்தீர்கள் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. மாரி பெய்து முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான் நம் நன்னீர். கோடையில் அது மெலிய, கரையோரக் கிணறுகளில் சவர் ஏறும். ஆவணிக் கடைசியில் திரும்பப் போய் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி வந்து தேத்தண்ணி போட்டுப் பாருங்கள். முதல் மிடறிலேயே தெரிந்துவிடும். தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதன் குழாய் அந்த ஒழுங்கைக்குள் வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

அப்புறம் உப்புக் காற்று. கூரைத் தட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். சீமெந்து வெடித்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மேசன் ஒருவரைக் கூட்டிப்போய்ச் செலவு கேட்டு, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ரசித்த காற்றேதான் கம்பியையும் தின்கிறது. மீன் சந்தைக்காக மட்டும் ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். கொக்குவிலில் இருந்தும் மோட்டார் சைக்கிளில் போய் வாங்கலாம்.

அண்ணா விஷயம். 1 கோடி 10 இலட்சத்தில் 20 இலட்சத்துக்குப் பாதி வீடா? அது கிடக்கட்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் பேரில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் தடையில்லை. எடுத்திருந்தாலும் கடனாகவே வாங்கி, எழுதிக் கையெழுத்து வையுங்கள். ஒரு வளவைப் பங்கு போட்டு முகம் பார்க்காமல் போன சகோதரங்களை ஊருக்கு ஊர் கண்டிருக்கிறோம்.

இனிக் கணக்கு. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம்: 4 இலட்சத்து 39,000 ரூபா. நொத்தாரிசு கூலி வேறு. அண்ணாவின் காசை விட்டால், வங்கியின் 50 இலட்சத்தோடு உங்கள் சேமிப்பு முழுவதும் விலைக்கே போய்விடும். இதற்குக் காசு எங்கே? ஆகவே சேமிப்பில் 50, அண்ணாவிடம் 20, வங்கியில் 40 என்று போடுங்கள். மாதத் தவணை 60,000இல் இருந்து 48,000 ஆகக் குறையும். வாடகை மிஞ்சுவதால் மேலதிகம் 18,000தான். கையில் நிற்கும் 10 இலட்சம் தீர்வைக்கும் திருத்த வேலைக்கும்.

முற்பணம் கொடுக்க முன் 30 வருடத் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். வளவு பிரிபடாத பங்குக் காணி என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட, கணவர் உள்ள பெண் என்றால் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். எல்லாம் சரி என்றால் ஆவணி வரை விலை பேசிக்கொண்டிருங்கள்.