மெஷின் தாளில் 800 கிராம் தசை குறைந்திருக்கிறதாம்: நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஏழு மாதமாக வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறேன். சாப்பாட்டையும் குறைத்திருக்கிறேன். போன வாரம் ஜிம்மில் இருக்கும் பாடி காம்போசிஷன் மெஷினில் ஏற்றி அளந்தார்கள். எடை 78 கிலோவிலிருந்து 73 ஆகியிருக்கிறது. ஆனால் தசை 800 கிராம் குறைந்துவிட்டதாகத் தாளில் வந்திருக்கிறது. பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் இரண்டு மாதமாக 50 கிலோவிலேயே நிற்கிறது. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப்ஸ் மட்டும் 6-லிருந்து 8 ஆகியிருக்கிறது. ‘உடம்பு பழகிவிட்டது, அதைக் குழப்ப வேண்டும்’ என்று மாஸ்டர் வாரா வாரம் பயிற்சியை மாற்றுகிறார். இப்போது தனிப் பயிற்சி பேக்கேஜும் இரண்டு டப்பா பவுடரும் வாங்கச் சொல்கிறார். ஏழு மாத உழைப்பு வீண்தானா?

பதில்: வீண் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் எண்களே அதைச் சொல்கின்றன. ஆனால் நீங்கள் பயந்தது தவறான எண்ணைப் பார்த்து. சரியான எண்ணை யாரும் உங்களுக்கு எழுதி வைக்கச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

முதலில் அந்தத் தாள். அந்த மெஷின் தசையை நேராக அளப்பதில்லை. கையிலும் காலிலும் படும் உலோகத் தகடுகள் வழியாக, உங்களுக்குத் தெரியாத அளவு சிறிய மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. நீர் நிறைந்த திசுவில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையோடு உங்கள் உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு, தசை இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிடுகிறது. தாளில் அச்சாகும்போது அந்த ‘இருக்கலாம்’ விழுந்துவிடும். தசமப் புள்ளியோடு ஒரு எண் மட்டும் வந்து நிற்கும், நாமும் அதை நம்பிவிடுவோம்.

உடம்பில் தண்ணீரின் அளவு மாறினால் அந்த எண் மாறும். நம் தசைக்குள் சர்க்கரை, கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிப்பாக இருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். சாப்பாட்டைக் குறைத்து 5 கிலோ இறங்கிய ஒருவருக்கு அந்தச் சேமிப்பு 200 கிராம் குறைந்திருந்தால், கூடவே 600 கிராம் தண்ணீரும் போயிருக்கும். மொத்தம் 800 கிராம். தசை இழை ஒன்றுகூடக் கரையாமலே உங்கள் தாளில் வந்த அதே எண் வந்துவிடுகிறது. உங்களுக்கு இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. இப்படி ஆடக்கூடிய ஒரு எண்ணை வைத்து ஏழு மாதத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்கிறேன்.

அந்த மெஷினில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், காலையில் வெறும் வயிற்றில், கழிவறை போய்வந்த பிறகு, பயிற்சிக்கு முன்னால், அதே மெஷினில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏறுங்கள். மாலையில் வியர்த்து விறுவிறுத்து நிற்கும்போது கூப்பிட்டு ஏற்றினால் இறங்கி வந்துவிடுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நான் பலமுறை பார்த்தது. தாளைக் காட்டி ‘தசை குறைந்துவிட்டது’ என்று பயமுறுத்துவார்கள். அன்றே ஒரு பவுடர் விற்பார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி மெஷினில் ஏற்றினால் தசை ஒரு கிலோ கூடியிருக்கும்! வாங்கியவருக்கு ஒரே சந்தோஷம், அடுத்த டப்பாவும் விற்றுவிடும். நடந்தது என்ன? அந்தப் பவுடரில் கிரியாட்டின் இருந்திருக்கும். கிரியாட்டின் தசைக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும். தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ஒரு கிலோ வரை எடை கூடுவது சாதாரணம். மெஷின் அந்தத் தண்ணீரையும் தசைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. கிரியாட்டின் மோசமான பொருள் இல்லை. நன்றாக ஆராயப்பட்டது, ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும், பயிற்சியில் ஓரிரு ரெப் (ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) கூடுதலாகச் செய்ய உண்மையாகவே உதவும். ஆனால் தண்ணீரைக் காட்டி ‘பார், தசை’ என்று சொல்வது ஏமாற்று வேலை.

புரோட்டீன் பவுடரும் அப்படித்தான். அது சாப்பாட்டில் இருக்கும் புரதமேதான், டப்பாவில் வருகிறது. எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதம் கிடைத்தால் பெரும்பாலும் போதும். உங்கள் 73 கிலோவுக்கு நாளொன்றுக்கு 117 கிராம் வருகிறது. உங்கள் சாப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வாரம் கூட்டிப் பாருங்கள். குறைகிற அளவுக்குத்தான் டப்பா. குறையவில்லை என்றால் டப்பாவே வேண்டாம். லேபிள் இல்லாத பாக்கெட், ‘இது ஸ்பெஷல், வெளியில் கிடைக்காது’ என்று கையில் திணிக்கும் மாத்திரை, இவற்றைத் தொடவே தொடாதீர்கள். உடற்கட்டுக்கு என்று விற்கப்படும் பொருள்களில் அறிவிக்காமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. யாராவது ஊசி என்று பேச்செடுத்தால் அந்த ஜிம்மையே மாற்றுங்கள்.

சரி, உங்கள் உண்மையான அளவுகோல் எது? பாரில், அதாவது எடை மாட்டும் கம்பியில், இருந்த எடை, ஒவ்வொரு செட்டிலும் (நடுவில் ஓய்வெடுக்காமல் செய்யும் ஒரு சுற்று) நீங்களே தூக்கிய எண்ணிக்கை. இந்த இரண்டுதான். 1940-களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று திரும்பத் திரும்ப அளந்து, அது கூடக் கூடப் பயிற்சியின் எடையையும் கூட்டிக்கொண்டே போனார். 1945-ல் அதை வெளியிட்டார். இன்று ஜிம்முக்கு ஜிம் பேசும் ‘செட்’, ‘ரெப்’ முறைக்கு அவர் போட்ட அடித்தளம் பெரிது. அவர் கையில் மெஷின் தாள் இல்லை, குறிப்பேடு இருந்தது.

நீங்கள் ‘50 கிலோவில் நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ரெப்? எழுதவில்லை. அநேகமாக உங்களுக்கே நினைவில்லை. ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். தூக்கிய எடையை ரெப் எண்ணிக்கையால் பெருக்கி, 30-ஆல் வகுத்து, வந்ததை அதே எடையோடு கூட்டுங்கள். நீங்கள் ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு மதிப்பீடு. பத்து ரெப் வரை ஓரளவு சரியாக வரும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். 50 கிலோவை 6 முறை தூக்கினால் 60 கிலோ. அதே 50 கிலோவை 10 முறை தூக்கினால் ஏறத்தாழ 66.7. பாரில் ஒரு பிளேட்கூட மாறவில்லை, ஆனால் பலம் ஆறரைக் கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. இரண்டு மாதத்தில் உங்களுக்கும் இப்படிக் கூடியிருக்கலாம். எழுதாததால் தொலைந்துபோய்விட்டது.

எழுதுவது மிக எளிது. ஒரு சின்ன நோட்டு, பேனா. தேதி போடுங்கள். கீழே இப்படி: ‘பெஞ்ச், 50 கிலோ, 8, 7, 6. கடைசியில் இன்னும் ஒன்று முடிந்திருக்கும்.’ அவ்வளவுதான். அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 8, 8, 6 செய்யப் பாருங்கள். அந்த ஒரு ரெப்தான் முன்னேற்றம். மூன்று செட்டிலும் 10 வந்த பிறகு, பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் போட்டு 52.5 ஆக்குங்கள். ரெப் மறுபடி எட்டு, ஏழு என்று இறங்கும். இறங்கட்டும், மறுபடி ஏற்றுங்கள். இரண்டு செட்டுக்கு நடுவில் ஒரு நாள் ஒரு நிமிடம், இன்னொரு நாள் ஐந்து நிமிடம் என்று ஓய்வெடுத்தால் ஒப்பிட முடியாது. இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம், அந்த 50 கிலோவில் பாரின் எடை சேர்ந்திருக்கிறதா? முழு நீள ஒலிம்பிக் பார் 20 கிலோ. ஆனால் எல்லா ஜிம்மிலும் எல்லாப் பாரும் அப்படி இல்லை. ஒரு முறை தராசில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே தூக்கிய எண்ணிக்கை என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பையன் பெஞ்சில் படுத்திருந்தான். தலைமாட்டில், பார் மேலே விழாமல் பிடிக்க நிற்கும் ஸ்பாட்டர். ஐந்தாவது ரெப்பிலிருந்தே ஸ்பாட்டரின் விரல்கள் பாரைச் சுற்றி மூடிக்கொண்டன. ‘நீதான், நீதான், எல்லாம் நீதான்’ என்று கத்திக்கொண்டே அவர் இழுக்க, அவருடைய முன்கை நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. பத்து ரெப் முடிந்தது என்று பையன் எழுந்து உட்கார்ந்தான். அடுத்த வாரம் பிளேட் கூட்டினார்கள். அதற்கடுத்த வாரம் தோள் வலி என்று வந்தான். ஸ்பாட்டர் இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு, கட்டாயம் நிற்கட்டும். ஆனால் அவர் விரல் பாரைத் தொட்ட நொடியோடு உங்கள் எண்ணிக்கை முடிந்தது. நோட்டில் நான்கு என்றுதான் எழுத வேண்டும்.

புல்-அப்ஸுக்கு வருவோம். இங்கே ஒரு விதிவிலக்கு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் எடை பாரில் இருக்கிறது. புல்-அப்ஸில் எடையே நீங்கள்தான். உங்கள் எடை மாறினால் பயிற்சியின் எடையும் மாறிவிடும். 78 கிலோவாக இருந்தபோது 6 எடுத்தீர்கள். மேலே சொன்ன கணக்கில் போட்டால் 93.6 கிலோ. இப்போது 73 கிலோவில் 8 எடுக்கிறீர்கள், 92.5 கிலோ. ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது ரெப் கூடியதற்குப் பெரும்பாலான காரணம் நீங்கள் லேசானதுதான், இழுக்கும் பலம் அப்படியேதான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு சோர்ந்துவிடாதீர்கள். நல்ல செய்தியே இதில்தான் இருக்கிறது. 5 கிலோ எடை போயிருக்கிறது, இழுக்கும் பலம் போகவில்லை, பெஞ்சில் 50 கிலோவும் கீழே இறங்கவில்லை. நிஜமாகவே சொல்லும்படியாகத் தசை கரைந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது சரிந்திருக்கும். மெஷின் தாளைவிட இந்தச் சாட்சியை நான் நம்புவேன். டிப்ஸ், புஷ்-அப்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான் என்பதால் அந்தப் பயிற்சிகளைச் செய்யும் நாளில் மட்டும் நோட்டின் ஓரத்தில் அன்றைய உடல் எடையையும் எழுதுங்கள். எடை கூடிக்கொண்டே போகும் காலத்தில் இது தலைகீழாக வேலை செய்யும். ரெப் அதே 8-ல் நிற்கும், பலம் ஏறியிருக்கும், நீங்கள் தேங்கிவிட்டதாக நினைத்துக் கவலைப்படுவீர்கள்.

‘உடம்பைக் குழப்ப வேண்டும்’ என்ற பேச்சு. தசைக்குக் குழப்பமும் தெரியாது, தெளிவும் தெரியாது. அதன் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதுதான் அதற்குப் பொருட்டு. புதுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினால் முதல் சில வாரங்களில் தூக்கும் எடை சடசடவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. கற்று முடித்து, இனி தசை வேலை செய்தால்தான் எடை ஏறும் என்கிற கட்டத்துக்கு வரும்போது, மாஸ்டர் பயிற்சியை மாற்றிவிடுகிறார். மறுபடி முதலிலிருந்து. பழக்கமில்லாத அசைவு என்பதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிக்கும். வலிக்கிறது, அப்படியானால் வேலை செய்கிறது என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். அந்த வலி பழக்கமில்லாததைச் செய்ததற்கு அடையாளம், வளர்ச்சிக்கு அத்தாட்சி இல்லை. வாராவாரம் மாறினால் இன்னொன்றும் நடக்கும்: போன மாதத்தோடு ஒப்பிட எதுவுமே இருக்காது. முன்னேறினீர்களா என்று கேட்க உங்களுக்கு வழியே இல்லாமல் போய்விடும். பதிலுக்கு மெஷின் தாள்தான் மிஞ்சும். ஐந்து அல்லது ஆறு பயிற்சிகளை எடுத்துக்கொண்டு எட்டு வாரம் மாற்றாதீர்கள்.

மாஸ்டரைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல ஜிம்களில் அவருக்கு அடிப்படைச் சம்பளம் சொற்பம், பேக்கேஜ் விற்றால் கமிஷன், டப்பா விற்றால் இன்னொரு கமிஷன். ஒருவரை எட்டு வாரம், எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஒரே ஸ்குவாட்டில் நிறுத்தி, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஏற்றிக் காட்டுகிற நல்ல மாஸ்டருக்கு இந்த ஏற்பாட்டில் கூலியே இல்லை. விலை உயர்ந்த மெஷினை வாசலில் வைக்கத் தெரிந்த முதலாளிக்கு, சேருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டைக் கொடுக்கத் தோன்றுவதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை.

உண்மையாகவே தேங்கிவிட்டால்? நோட்டில் நான்கு வாரமாக ஒரு ரெப்கூடக் கூடவில்லை என்றால்தான் அது தேக்கம். அப்போது முதலில் தூக்கத்தைப் பாருங்கள், பிறகு சாப்பாட்டை. எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் பலம் அப்படியே நிற்பதே வெற்றி, ஏறவில்லை என்று அழ வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் ஒரு வாரம் எடையையும் செட்டையும் குறைத்துச் செய்துவிட்டு, மறுபடி 45 கிலோவிலிருந்து ஏறி வாருங்கள். மூட்டில் வலி என்றால் இதெல்லாம் பொருந்தாது, மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக அந்த பேக்கேஜ். பணம் கட்டுவதற்கு முன் மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: ‘போன மாதம் நான் ஸ்குவாட்டில் எத்தனை கிலோ, எத்தனை ரெப் செய்தேன்?’ அவர் நோட்டையோ போனையோ திறந்து பார்த்துச் சொன்னால், யோசிக்கலாம். ‘பவுடரை ஆரம்பியுங்கள், தானாக ஏறும்’ என்றால் கட்டாதீர்கள். நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி 50 கிலோ பெஞ்சிலிருந்து எழுதத் தொடங்குங்கள். எட்டு வாரம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.