கூரையில் கட்டிய வெள்ளைத்துணி

ஐயா,

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். சினிமாவில் உதவியாளராகச் சேர எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை. சுப்ரத மித்ரா அதுவரை சினிமா கேமராவையே இயக்காமல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவாளரானார் என்கிறார்கள். நம்பலாமா? அவரைப் போலவே வெள்ளைத்துணியில் விளக்கை அடித்துப் பார்த்தேன். முகம் சப்பையாகவும் கண்குழி கருப்பாகவும் வந்தது. எங்கே பிசகு?

ர., தேனி

அன்புள்ள ர.,

நம்பலாம். மித்ரா 1930-இல் பிறந்தவர், ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பு தொடங்கியது 1952 அக்டோபரில். ஆனால் வெறுங்கையோடு போய் நிற்கவில்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை வங்காளத்தில் எடுத்தபோது மித்ரா வேலை கேட்டார், கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. எந்த விளக்கு எங்கே நின்றது, கேமரா எங்கே, நடிகர் எங்கிருந்து எங்கே நடந்தார் என்று வரைந்து வைத்துக்கொண்டே இருந்தார். ஷாட்டுக்கு ஷாட் லைட்டிங் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க, அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே அந்தக் குறிப்புகளைக் கேட்டுப் பார்த்தார்.

உங்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். கல்யாண மண்டபத்திலேயே தொடங்குங்கள். ஜன்னல் எந்தத் திசை, மணி என்ன, முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) வித்தியாசம் என்று எழுதுங்கள். ‘அழகான வெளிச்சம்’ என்று எழுதிவைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

இனி துணி. ‘பதேர் பாஞ்சாலி’யின் தொடர்ச்சியான ‘அபராஜிதோ’வின் (1956) காசி வீட்டை, மழைக்குப் பயந்து, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார். மித்ராவுக்கு அதில் சம்மதமில்லை. அப்படிப்பட்ட முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து மொத்தமாக இறங்கும், நிழலுக்கு விளிம்பே இருக்காது. ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழுந்து செட் என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் முற்றத்துக்கு மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளைத்துணியை இழுத்துக்கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்தார். துணி அதன் பிறகு வந்தது.

உங்கள் கண்குழி கருப்பானதற்குக் காரணம், துணி நேராகத் தலைக்கு மேலே இருந்ததுதான். முகம் பார்க்கும் பக்கமாக நாலைந்து அடி முன்னே தள்ளி, 45 டிகிரி சாய்த்துக் கட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால், ஃபிரேமுக்கு வெளியே இடுப்பு உயரத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைப் படுக்கவையுங்கள்.

சப்பையாக வருவது வேறு கோளாறு. சின்ன அறை, வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சம் நாலு பக்கமும் பட்டுத் திரும்பும். நிழல் விழவேண்டிய பக்கத்தில், முகத்திலிருந்து இரண்டு மூன்று அடியில் கருப்புத்துணியைத் தொங்கவிட்டால் கன்னத்துக்கு வடிவம் வந்துவிடும். பச்சைச் சுவர் என்றால் இது கட்டாயம். இல்லாவிட்டால் தோலில் பச்சை ஏறும்.

துணியின் அகலம், முகத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். 4 அடித் துணியை 12 அடியில் கட்டினால் மென்மை போய்விடும். விளக்கைத் துணிக்கு ஒட்டி வைத்தாலும் அப்படித்தான்: நடுவில் ஒரு வட்டம் மட்டும் எரியும். துணி முழுக்க நிரம்பும்வரை விளக்கைப் பின்னால் நகர்த்துங்கள். நேரடி வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று ஸ்டாப்பாவது குறையும். உடனே ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றாமல் துணியைக் கிட்டே கொண்டுவாருங்கள். வெளுத்த காடா போதும்; வெளுக்காதது மஞ்சளிக்கும், நீலம் போட்ட வேட்டி நீலம் தட்டும்.

‘சாருலதா’வில் (1964) மரப்பெட்டிக்குள் வீட்டு பல்புகளைப் பொருத்தி, முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டி மித்ரா ஒளியமைத்தார். நீங்கள் எல்இடி பல்பில் செய்யலாம், காகிதம் கருகாது. மலிவான பல்புகள் மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்து, பத்து விநாடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.